ஐந்து நாள் மாத்திரை

லெட்ரோசோல் மாத்திரைப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் அச்சடித்த தாள் ஒன்று மடித்து வைத்திருக்கும். அதைப் பிரித்துப் படிக்கிற பெண்ணுக்கு நெஞ்சு பதறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று அதில் இருக்கும். குழந்தை வேண்டும் என்று போனால் புற்றுநோய் மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று குழம்பிப்போவாள். இரவு செல்போனில் தேடினால் குழப்பம் இரட்டிப்பாகும். மறுமுறை மருத்துவரிடம் கேட்கலாம் என்றால் வெளியே அத்தனை கூட்டம், உள்ளே இரண்டு நிமிடம். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

அந்தப் பயம் தேவையற்றது. ஏன் தேவையற்றது என்பதை மாத்திரை எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். கருத்தரிப்புக்காகத் தரும் மருந்துகளைப் போலப் பரவலாகப் பயன்படும், அதே நேரம் இவ்வளவு குறைவாக விளக்கப்படும் மருந்துகள் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையை எதிர்கொள்கிறவர்கள் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர். கல்யாணமாகி ஆறு மாதத்தில் “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்கத் தொடங்கும் நம் ஊரில், அந்த 6-இல் ஒருத்தி படும் பாடு சொல்லி மாளாது. அவள் விழுங்குவது என்ன, அது உடம்பில் எங்கே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு முழு உரிமை உண்டு.

மாதவிலக்கின் முதல் நாளைத்தான் 1-ஆம் நாள் என்று கணக்கிடுவார்கள். அந்தச் சமயத்தில் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சிறு துடிப்புகளாக அனுப்புகிறது. அதைப் பெறும் பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சினைப்பையில் காத்திருக்கும் ஃபாலிக்கிள்கள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு கருமுட்டையைத் தாங்கிய மிகச்சிறிய நீர்ப்பைகள், அந்த எஃப்.எஸ்.எச். கிடைத்ததும் வளரத் தொடங்குகின்றன. வளர வளர ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏறியது தெரிந்ததும் மூளை எஃப்.எஸ்.எச்.-ஐக் குறைத்துவிடும். அந்தக் குறைந்த அளவிலும் தாக்குப்பிடிக்கத் தெரிந்த ஒரே ஒரு ஃபாலிக்கிள் மட்டும் மேலே வளர்ந்து 20 மில்லிமீட்டரை எட்டும், மற்றவை சுருங்கிவிடும். மாதம் ஒரு முட்டை என்பது இப்படித்தான் அமைகிறது.

நம் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்குத் தானியங்கி மோட்டார் வைத்திருப்போமே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான் இது. ரத்தத்தில் உள்ள ஈஸ்ட்ரோஜன்தான் தொட்டித் தண்ணீர். அளவு இறங்கினால் சென்சார் உணர்ந்து மோட்டாரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும். சென்சார் மூளையில் இருக்கிறது, எஃப்.எஸ்.எச்.தான் மோட்டார். கருமுட்டை வளர்க்கத் தரும் குளோமிஃபீன், லெட்ரோசோல் மாத்திரைகள் இரண்டுமே சினைப்பையை நேரடியாகத் தூண்டுவதில்லை. தொட்டி காலி என்று மூளையை நம்பவைக்கின்றன, அவ்வளவுதான். எப்படி நம்பவைக்கின்றன என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

மூத்தது குளோமிஃபீன். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இருந்த மெரல் நிறுவனத்தில் ஃபிராங்க் பலோப்போலி என்ற வேதியியலாளரின் குழு 1956-இல் உருவாக்கியது. எலிகளுக்குக் கொடுத்தபோது அது கருத்தரிப்பைத் தடுத்தது. கருத்தடை மாத்திரையாக ஆகலாம் என்ற எதிர்பார்ப்பில்தான் ஆராய்ச்சி நகர்ந்தது. ஆனால் ஜார்ஜியா மாநிலத்து மருத்துவர் ராபர்ட் கிரீன்பிளாட், மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, முட்டையே வெளிவராமல் இருந்தவர்களுக்கு முட்டை வெளிவந்தது. 1961-இல் அவர் அதை வெளியிட்டார். 1967-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. எலியின் உடம்பு ஒரு விதம், பெண்ணின் உடம்பு வேறு விதம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

குளோமிஃபீன் சென்சாரின் மேல் உறை போட்டு மூடிவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் இருந்தும் சென்சாருக்குத் தெரியாது. மோட்டார் ஓடும், எஃப்.எஸ்.எச். ஏறும், ஃபாலிக்கிள் வளரும். சிக்கல் என்னவென்றால் இந்த உறை சீக்கிரம் கழலாது. மருந்தின் ஒரு பகுதி வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். ஃபாலிக்கிள் வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் நிறைந்த பிறகும் மூளைக்கு அது முழுதாகத் தெரியாது. அதனால் சில பெண்களுக்கு இரண்டு மூன்று ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளர்ந்துவிடும், இரட்டைக் குழந்தைக்கான வாய்ப்பு கூடும். மேலும் ஈஸ்ட்ரோஜனை அடையாளம் காணும் இடங்கள் மூளையில் மட்டுமா இருக்கின்றன? கருப்பையின் உள்சவ்விலும் இருக்கின்றன. அங்கேயும் உறை விழுவதால், முட்டை நன்றாக வளர்ந்தும் கரு வந்து ஒட்டவேண்டிய சவ்வு சிலருக்கு மெலிந்துபோகிறது. முட்டை வந்தும் கரு தங்கவில்லையே என்று நொந்துபோன பல பெண்களின் கதையில் இதற்கும் பங்கு உண்டு. இந்த மாத்திரை சாப்பிடும்போது கண் மங்குவது, ஒளிப்பொறிகள் தெரிவது போன்றவை ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

லெட்ரோசோல் வேறு வழியில் போகிறது. ஈஸ்ட்ரோஜன் தயாராவதற்கு அரோமட்டேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியை லெட்ரோசோல் முடக்குகிறது. சென்சாரைத் தொடாமல் தொட்டியில் தண்ணீரையே குறைத்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை, அதனால்தான் அங்கே இது மருந்தானது. அந்த நோயாளிகள் தினம் ஒரு மாத்திரை வீதம் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். குழந்தைக்காகச் சாப்பிடுகிறவர்களோ பெரும்பாலும் மாதவிலக்கின் 2 அல்லது 3-ஆம் நாளில் தொடங்கி ஐந்தே நாட்கள். அந்த ஐந்து நாளில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்து எஃப்.எஸ்.எச். எழும். மாத்திரை நின்றதும் மருந்து வேகமாகக் கரையும், சுமார் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஃபாலிக்கிள் வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது மூளை அதைச் சரியாக உணர்ந்து மோட்டாரை நேரத்துக்கு நிறுத்தும். அதனால் பெரும்பாலும் ஒற்றை முட்டை, மெலியாத உள்சவ்வு.

டொராண்டோவில் முகமது மிட்வாலியும் ராபர்ட் காஸ்பரும் இதை முதலில் செய்து காட்டி 2001-இல் வெளியிட்டார்கள். நான்கே ஆண்டில் ஒரு பெரிய தடங்கல் வந்தது. 2005-இல் மான்ட்ரியலில் நடந்த மாநாட்டில் வாசிக்கப்பட்ட ஓர் ஆய்வுச் சுருக்கம், லெட்ரோசோலுக்குப் பின் பிறந்த 150 குழந்தைகளை 36,000-க்கும் மேற்பட்ட சாதாரணப் பிரசவங்களோடு ஒப்பிட்டு, இதயக் குறைபாடும் எலும்புக் குறைபாடும் அதிகம் என்றது. ஒப்பீடே சரியில்லை. ஒரு பக்கம் வயது கூடிய, குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற்ற பெண்கள், மறுபக்கம் எந்தச் சிக்கலும் இல்லாத இளம் தாய்மார்கள். அந்த ஆய்வு முழுக் கட்டுரையாக எந்த ஆய்விதழிலும் வரவுமில்லை. மறு ஆண்டே கனடாவில் 911 குழந்தைகளை வைத்து, லெட்ரோசோலையும் குளோமிஃபீனையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பிறவிக் குறைபாடு லெட்ரோசோல் குழந்தைகளில் 2.4 சதவீதம், குளோமிஃபீன் குழந்தைகளில் 4.8 சதவீதம்.

இவ்வளவுக்குப் பிறகும் 2011 அக்டோபரில் இந்திய அரசு, குழந்தையின்மைச் சிகிச்சையில் லெட்ரோசோலுக்குத் தடை போட்டது. 2017-இல்தான் அந்தத் தடை விலகியது. மருந்து விஷயத்தில் அரசு எச்சரிக்கையாக இருப்பது தேவைதான், நம் நாட்டில் இன்னும் கூடுதலாகவே தேவை. ஆனால் இந்தத் தடை இருந்த ஆண்டுகளில்தான் கேள்விக்கு விடை தரும் ஆய்வே வெளியானது. 2014-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் லெக்ரோ தலைமையிலான குழு, பிசிஓஎஸ் (ஃபாலிக்கிள்கள் பாதியில் வளர்ச்சி நின்று, முட்டை ஒழுங்காக வெளிவராத கோளாறு) உள்ள 750 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஐந்து சுழற்சிகள் வரை மாத்திரை கொடுத்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம். பிறவிக் குறைபாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இன்று பிசிஓஎஸ் பெண்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல் முதலில் சொல்வது லெட்ரோசோலைத்தான். பல பெட்டிகளில் உள்ளே மடித்து வைத்த தாள் மட்டும் இன்னும் பழைய தாளாகவே இருக்கிறது. மலிவான, காப்புரிமை முடிந்த ஒரு மருந்துக்குப் புதிய பயன்பாட்டைப் பதிவு செய்யப் பணம் செலவழிக்க நிறுவனங்களுக்குப் பெரிதாக ஆர்வம் வராது. அதன் சுமை அந்தத் தாளைப் படித்துப் பயப்படும் பெண்ணின் மேல் விழுகிறது.

பிசிஓஎஸ் என்றாலே நீர்க்கட்டி, கட்டி என்றாலே கரைக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. ஸ்கேனில் மாலை கோத்ததுபோலத் தெரிபவை பாதியில் வளர்ச்சி நின்ற ஃபாலிக்கிள்கள். அவற்றைக் கரைக்கவும் வேண்டாம், அகற்றவும் வேண்டாம். அவற்றில் ஒன்றை முழுதாக வளரவைத்தால் போதும். உடல் எடை அதிகமாக உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே சிலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்கிவிடும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினையும் இதற்கு எழுதுவார்கள். இன்சுலினோடு உடம்பு மல்லுக்கட்டுவது பிசிஓஎஸ்-இல் பொதுவானது என்பதால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் குழந்தைக்கு என்று அதை மட்டும் நம்பியிருப்பது காலவிரயம். 2007-இல் 626 பெண்களிடம் செய்த ஆய்வில், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்கே குழந்தை பிறந்தது, குளோமிஃபீன் எடுத்தவர்களில் 22.5 சதவீதம்.

மாத்திரை தொடங்கினால் அடுத்து ஃபாலிக்குலர் ஸ்கேன். 10 அல்லது 11-ஆம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்க்கும் சடங்கு. கையில் ஒரு சின்னச் சீட்டு. வலது, இடது என்று இரண்டு கட்டங்கள், ஒன்றில் 16×15, இன்னொன்றில் எம்.எஸ்.எஃப்., கீழே ஈ.டி. 7.8. அந்த எண்களை வெளிவராந்தாவில் பெண்கள் பரீட்சை மதிப்பெண்போல ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். முதல் கட்டம் வலது சினைப்பையில் 16 மில்லிமீட்டருக்கு ஒரு ஃபாலிக்கிள் வளர்ந்திருக்கிறது என்கிறது. எம்.எஸ்.எஃப். என்றால் இடதுபுறம் சிறிய ஃபாலிக்கிள்கள் மட்டும். ஈ.டி. என்பது கருப்பை உள்சவ்வின் தடிமன். ஃபாலிக்கிள் நாளொன்றுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும், 18-ஐத் தாண்டியதும் முட்டை வெடிப்பதற்கான ஊசி போடுவார்கள். இந்த ஸ்கேன் முட்டை வளர்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமல்ல, மூன்று நான்கு சேர்ந்து வளர்ந்துவிடவில்லையே என்று பார்ப்பதற்கும்தான். அப்படி வளர்ந்திருந்தால் அந்த மாதம் முயற்சி வேண்டாம் என்று சொல்கிற மருத்துவர் நல்ல மருத்துவர்.

மாத்திரைக்கு அசையாதவர்களுக்கும், சோதனைக்குழாய் முறைக்குப் போகிறவர்களுக்கும் எஃப்.எஸ்.எச்.-ஐயே ஊசியாகப் போடுவார்கள். மூளையை நம்பவைக்கிற வேலையெல்லாம் இங்கே கிடையாது, நேரே சினைப்பைக்கு. இந்த ஊசியின் வரலாறு வியப்பானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைத் தருவதில்லை, அதனால் பிட்யூட்டரி ஓயாமல் எஃப்.எஸ்.எச்.-ஐக் கொட்டிக்கொண்டே இருக்கும், அது சிறுநீரில் வெளியேறும். ரோமில் செரோனோ நிறுவனத்தின் பியேரோ டோனினி 1940-களின் இறுதியில் அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. புருனோ லூனன்ஃபெல்ட் என்ற இளம் மருத்துவர் அதைக் குழந்தையின்மைக்கு மருந்தாக்கலாம் என்று நிறுவனத்தின் கதவைத் தட்டினார். லிட்டர் லிட்டராகச் சிறுநீர் வேண்டும், அதில் ஒரு துளிகூடக் கர்ப்பிணியுடையதாக இருக்கக்கூடாது. கர்ப்பிணியின் சிறுநீரில் வேறு ஹார்மோன் கலந்திருக்கும். போப் 12-ஆம் பயஸின் உறவினரான ஜூலியோ பாச்செல்லி நிறுவனத்தின் குழுவில் இருந்தார். அவர் முயற்சியால் இத்தாலிய மடங்களில் வாழ்ந்த வயதான கன்னியாஸ்திரிகள் சிறுநீர் கொடுத்தார்கள். பிள்ளை பெறுவதில்லை என்று உறுதிபூண்ட அந்தப் பெண்களிடமிருந்து கிடைத்த மருந்தால் 1962-இல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. அதே காலத்தில் ஸ்வீடனில் கார்ல் கெம்செல், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனால் வெற்றி கண்டிருந்தார். அந்த வழி ஆபத்தில் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் அப்படிச் சிகிச்சை பெற்ற பெண்களில் சிலர் பல ஆண்டுகள் கழித்து மூளையைச் சிதைக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் இறந்தார்கள். 1985-இல் அது நிறுத்தப்பட்டது. 1990-களின் நடுவில், மரபணு மாற்றிய வெள்ளெலிச் செல்களில் எஃப்.எஸ்.எச்.-ஐ வளர்த்தெடுக்கும் முறை சந்தைக்கு வந்தது. சிறுநீரிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த ஊசியும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

இந்த ஊசியைப் பற்றிப் பேசும்போது கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1978-இல் பிறந்த, உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனுக்காக எடுத்தது, எந்த ஊசியும் போடாமல் இயற்கையாக வளர்ந்த ஒற்றை முட்டை. அவள் பிறந்து சுமார் 10 வாரம் கழித்து, அக்டோபர் 3-ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்த குழந்தைக்காக முகோபாத்யாய் இந்த ஹார்மோன் ஊசியைப் போட்டு முட்டைகளை வளர்த்திருந்தார், கருவை உறையவைத்தும் பாதுகாத்திருந்தார். இன்று உலகம் முழுவதும் நடப்பது அவர் செய்த முறைதான். மாநில அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது, அவமானப்படுத்தியது, சம்பந்தமே இல்லாத துறைக்கு அவரை மாற்றினார்கள். 1981-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் பரிசோதித்த டி.சி. ஆனந்தகுமார், இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் என்று தனக்குக் கிடைத்திருந்த பெருமையை விட்டுக்கொடுத்து, அது முகோபாத்யாய்க்கே உரியது என்று 1997-இல் எழுதினார்.

ஊசியில் கவனம் கூடுதலாக வேண்டும். சில பெண்களுக்கு, குறிப்பாக பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு, சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். ஓரிரு நாளில் எடை கிடுகிடுவென ஏறுவது, வயிறு உப்புவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அடுத்த ஸ்கேன் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

அடிக்கடி கேட்கும் இரண்டு பயங்கள் இன்னும் உண்டு. ஒன்று, இப்படி முட்டைகளை வளர்த்தால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடாதா என்பது. தீராது. பிறக்கும்போதே ஒரு பெண்குழந்தையின் சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும், வாழ்நாளில் வெளிவருபவை 400 அளவுக்குத்தான். மிச்சமெல்லாம் மாதாமாதம் தாமாகச் சுருங்கி அழிபவை. அப்படி அந்த மாதம் அழியவிருந்த சிலவற்றைத்தான் மருந்து வளர்க்கிறது. இரண்டாவது பயம் சினைப்பைப் புற்றுநோய். 1990-களில் சில ஆய்வுகள் அப்படிச் சந்தேகப்பட்டன. பிறகு டென்மார்க்கில் குழந்தையின்மைப் பிரச்சினையோடு மருத்துவமனைகளுக்கு வந்த 54,362 பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து எடுத்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடியதாகச் சான்று இல்லை என்றது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் தீர்ப்பது முட்டை வளராத, வெளிவராத பிரச்சினையை மட்டுமே. கருக்குழாய் அடைத்திருந்தால் எத்தனை முட்டை வளர்ந்தும் பயனில்லை. கணவரின் விந்தணுவில் குறை இருந்தாலும் அப்படியே. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக்கு ஆணின் காரணம் தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, செலவு குறைவு, வலி இல்லை. ஆனாலும் கணவருக்கு அந்த ஒரு சோதனை நடக்காமலே மனைவி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, ஸ்கேனுக்கு அலைந்து, வீட்டில் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கிறாள். இது அவளுக்குச் செய்கிற அநியாயம். முதல் மாத்திரை எழுதுவதற்கு முன் அவருடைய அறிக்கை மேசையில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்க எந்தப் பெண்ணும் தயங்கவேண்டாம். தைராய்டு, புரோலாக்டின் ரத்தப் பரிசோதனைகளும் அப்போதே முடிந்திருக்க வேண்டும். புரோலாக்டின் மட்டும் கூடியிருந்தால் காபர்கோலின் போன்ற மாத்திரையிலேயே மாதவிலக்கு சீராகி முட்டை வரத் தொடங்கும். ஃபோலிக் அமிலத்தையும் முயற்சி தொடங்கும்போதே தொடங்கிவிட வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் நாட்களில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் மாதமே பலிக்கவேண்டும் என்பதில்லை. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு உண்டாக ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று அளவுக்குத்தான் வாய்ப்பு. மருந்து உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறது, அதற்கு மேலே தூக்குவதில்லை. முட்டை ஒழுங்காக வந்தும் ஆறு சுழற்சிகளில் பலிக்கவில்லை என்றால் அதே மாத்திரையை மேலும் நீட்டாமல் காரணத்தை மறுபடி தேடவேண்டும். 35 வயதைத் தாண்டியவர்கள் அதற்கு முன்பே.

முட்டை வெடிக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் வீட்டில் கர்ப்பப் பரிசோதனை அட்டையை அவசரப்பட்டு எடுக்கக்கூடாது. பெரும்பாலும் அந்த ஊசியில் இருப்பது எச்.சி.ஜி. ஹார்மோன், அட்டை தேடுவதும் அதே ஹார்மோனைத்தான். ஊசி போட்ட ஒரு வாரம், பத்து நாளில் சோதித்தால், கரு இல்லாமலே இரண்டாவது கோடு விழலாம், பிறகு மாதவிலக்கு வந்து மனம் உடையலாம். ஊசிக்குப் பின் இரண்டு வாரம் முழுதாகப் போகட்டும். அதன் பிறகு ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. பார்த்து, சந்தேகமாக இருந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்தால், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.